மஹய்யாவ விருந்தும் மறைந்திருக்கும் கோதுமையும்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தருகே பஸ்ஸை விட்டிறங்கி, டி.எஸ். சேனாநாயக்க வீதியில் டிரினிட்டிக் கல்லூரியைக் கடந்து நடந்தால் மஹய்யாவ வந்துவிடும். 1880 இல் மாத்தளை வரை நீண்ட ரயில் பாதையும் இப்பக்கமாகத்தான் போகிறது. சரிவிலே நெருக்கமான வீடுகள். முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் அக்கம்பக்கமாக வாழுமிடம். ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டுக்கு வாசம் போகும். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் இங்கில்லை.

ஆனால், உங்கள் கையைப் பிடித்து வரும் பிள்ளைக்குச் சீலியாக் நோய் இருந்தால்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற பசைத்தன்மையுள்ள புரதம் உண்டு. சீலியாக் உள்ளவர் அதை உண்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் பகுதி தேய்கிறது. வயிற்றோட்டம், வயிற்றுப்பொருமல், தீராத இரத்தச்சோகை, பிள்ளை வளராமை எல்லாம் தொடர்கின்றன. இதற்குக் காரணம் கோதுமை என்று கண்டறிந்து, 1950 இல் ஆய்வு நூலாக எழுதியவர் ஒல்லாந்துச் சிறுவர் வைத்தியர் டிக்கே. மருந்தில்லை, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை. "ஒரு துண்டு தின்றால் என்ன?" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இலங்கையில் வயல் நிறைய நெல்தான். கோதுமை கப்பலில் வருகிறது. 1980 இல் திருகோணமலையில் பிரீமா ஆலை இயங்கத் தொடங்கிய பின் கோதுமை மா இன்னும் எளிதாகக் கிடைத்தது. பாண், பராட்டா, கொத்து, றோல்ஸ், சமோசா ஆகியவற்றில் கோதுமை இருப்பது யாருக்கும் தெரியும். ஆபத்து, அரிசி உணவென்று நாம் நம்புபவற்றில்தான்.

கேட்டுத்தான் உண்ண வேண்டும்

கடையில் வாங்கும் வெள்ளை இடியப்பம் பல இடங்களில் அவித்த கோதுமை மாவில் பிழிந்தது. பிட்டிலும் அப்பத்திலும் அரிசி மாவோடு கோதுமை மா கலப்பதுண்டு. குரக்கன் ரொட்டியும் அப்படியே. உருட்ட வசதியாக இருக்கக் கோதுமை மா சேர்ப்பார்கள். "அரிசி மாவா?" என்று மட்டும் கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "கோதுமை மா கொஞ்சமாவது சேர்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

பெருநாள் பலகாரங்களில் வட்டிலப்பம் நமக்கு நல்ல துணை: முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம், மாவே வேண்டாம். சவ்வரிசிக் கஞ்சியும் ஆகும். மஸ்கட்டோ அப்படியல்ல. கோதுமை மாவைப் பிசைந்து, ஊறவைத்து, கரைத்தெடுத்த பாலில் கிண்டுவது அது. தொதலுக்கு அரிசி மா மட்டுமா என்று விசாரியுங்கள். கட்லட்டின் மேல் ஒட்டியிருப்பது பாண் தூள். அதைப் பொரித்த எண்ணெயில் பப்படம் பொரித்தால் பப்படமும் கெட்டது. கொத்துப் போட்ட தகட்டில் ஊற்றிய முட்டையும் கூடாது.

கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பதுண்டு. சோயா சோஸ் பெரும்பாலும் சோயாவும் கோதுமையும் புளித்து வருவது. நெஸ்டமோல்ட், மைலோ, ஹோர்லிக்ஸ் போன்ற மோல்ட் பானங்கள் பார்லி சேர்ந்தவை. இளைத்த பிள்ளைக்குச் சத்தென்று நினைத்து இவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கலந்துவிடுகிறது. மில்லில் அரிசி அரைப்பதாயின், அதற்கு முன் அதே இயந்திரத்தில் என்ன அரைத்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

சஹனில் ஒரு தனித்தட்டு

நமது விருந்தின் அழகு, ஆறுபேர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது. சோறும் இறைச்சியும் இப்பிள்ளைக்கு ஆகும். பக்கத்திலிருப்பவர் சமோசாவைப் பிட்ட கையைச் சோற்றில் வைத்தால் அந்தச் சோறு ஆகாது. ஆகவே, பரிமாறுமுன் சட்டியிலிருந்தே பிள்ளைக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சஹனுக்குப் பக்கத்திலேயே அந்தத் தட்டையும் வைத்து உண்ணலாம். பிள்ளை கூட்டத்தை விட்டு ஒதுங்க வேண்டியதில்லை. வீட்டுக்காரி மாத்தா மனம் நோகுமோ என்று தயங்காதீர்கள். விருந்துக்கு முதல்நாளே பேசிவிட்டால், அவரே கவனித்துக்கொள்வார்.

லேபிள் படிப்பது நமக்குப் புதிதல்ல. ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று தேடிப் பழகிய கண்கள்தானே! அதே கண்களால் கோதுமை, பார்லி, மோல்ட், ரவை என்ற சொற்களையும் தேடுங்கள். ஹலால் முத்திரை கோதுமையைப் பற்றி எதுவும் சொல்லாது. "குளூட்டன் இல்லை" என்று அச்சிடும் உணவில், சர்வதேச உணவு நியமப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மாத்திரைகளின் சேர்மானத்தைப் பாமசியில் கேட்டறியுங்கள்.

முக்கியமான ஒன்று: சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடலிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்ப்பதும், கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் மறைந்து நிற்கும். முதலில் வைத்தியர், பிறகு பத்தியம்.

நோய் உறுதியானாலும் அஞ்ச வேண்டாம். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மீன், பலாக்காய், மரவள்ளி, தேங்காய்ச் சம்பல், வீட்டில் இடித்து வறுத்த அரிசி மாவில் பிழிந்த இடியப்பம் என்று நம் மூத்தம்மாமார் சமைத்த சாப்பாட்டில் பெரும்பகுதி இப்பிள்ளைக்கு ஏற்றதே. அடுத்த முறை மஹய்யாவ மேட்டில் யார் வீட்டு வாசலில் ஏறினாலும், ஸலாம் சொல்லி அமர்ந்ததும் பிள்ளையின் பத்தியத்தையும் சொல்லிவிடுங்கள்.