பாய் சொல்வது காதில் விழும்போது

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்துக்கு அந்தப் பெயர் மலாய் மீனவர் தொழிலிலிருந்து வந்தது. தென்னை ஓலையைக் கடலில் இறக்கி, நிழலுக்கு ஒதுங்கும் மீன்களை வலைபோட்டுப் பிடிப்பதற்கு 'மெனுவாஸ்' என்று பெயர். இன்று அங்கே கப்பல் பட்டறைகள், தொழிற்சாலைகள், 2022-ல் முறைப்படி திறந்த பெரிய துறைமுகம். புதுக்கோட்டைக்காரரும் பங்களாதேஷ்காரரும் ஒரே லாரியில் வந்து இறங்கி, ஒரே சாரத்தில் ஏறுகிறார்கள்.

புதிதாக வரும் தம்பிகளிடம் நான் விடாமல் சொல்வது ஒன்றுதான். பாய் என்று நாம் அழைக்கும் பங்களாதேஷ்காரர் வங்காளத்தில் பேசும்போது பழகிய சொல் காதில் விழுந்தால், உடனே நம் அர்த்தத்தை அதன்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

'அவசரம்' என்ற சொல்லையே பாருங்கள். வடமொழியில் அதற்குத் தருணம், வாய்ப்பு என்று பொருள். இந்தியிலும் மலையாளத்திலும் இன்றும் வாய்ப்புதான். தெலுங்கில் தேவை. வங்காளத்தில் 'ஒபோஷோர்' என்றால் ஓய்வுநேரம். பணி ஓய்வும் அதுவே. நம்மை ஓடச் சொல்லும் சொல் அவரை உட்காரச் சொல்கிறது.

இதைவிடக் கவலை தருவது 'சாவதானம்'. அவன் சாவதானமாக வந்தான் என்றால் நமக்கு நிதானமாக, மெதுவாக வந்தான் என்று பொருள். வங்காளத்தில் 'ஷாப்தான்' என்பது எச்சரிக்கை. கிரேனில் தொங்கும் இரும்புத் தூண் தலைக்கு மேலே ஆடும்போது, பாய் கத்துகிற சொல் அது. மெதுவாகப் போகலாம் என்று யாராவது அங்கே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் வங்காளம் இல்லை. இருந்தும் பல வேலையிடங்களில் எச்சரிக்கைப் பலகையை வங்காளத்திலும் எழுதுகிறார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் படித்தவருக்குப் புரிந்ததா என்று பலகை கேட்காது. பக்கத்தில் நிற்பவர்தான் கேட்க வேண்டும்.

அதனால் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தலையாட்டுவதை வைத்துத் திருப்திப்படாதீர்கள். என்ன சொன்னேன், செய்து காட்டுங்கள் பாய் என்று கேளுங்கள். அவர் கேட்டால் நீங்களும் செய்து காட்டுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 'தாமோ' என்றால் நில்லு, 'ஷோரோ' என்றால் விலகு. இந்த இரண்டையும் முதல் நாளே கற்றுக்கொண்டு, நம்முடைய 'நில்லு', 'விலகு' இரண்டையும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். மதியம் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிற நேரம் போதும்.