காகம் கரையாத ஒன்பது நொடி

திருச்சி பொன்மலையில், கணினி ரயில் விளையாட்டுக்கு வண்டி செய்யும் ஒரு தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டும்போதே உள்ளே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. "வாங்க தம்பி. ராத்திரி பன்னண்டு மணிக்கும் இந்த வீட்டுல ரயில் ஓடும்" என்றார் அவன் அம்மா. குறையாகச் சொன்னாரா, பெருமையாகவா என்று பிடிபடவில்லை.

பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். இரவில் ரயில் செய்கிறான். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெய்ன் சிமுலேட்டர் விளையாட்டிலும், அதே கோப்புகளை ஏற்றுக்கொள்ளும் இலவச ஓப்பன் ரெயில்ஸிலும் பல நாட்டு ஆட்கள் தங்கள் ஊர் வண்டிகளைச் சேர்த்துவருகிறார்கள். இவன் சேர்ப்பவை பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளும் டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினும்.

முதலில் டெக்ஸ்சரை, அதாவது பெட்டியின் மேல் போர்த்தும் படத்தைக் காட்டினான். கருவாட்டுக்குப் பிளந்த மீன்போல ஒரு சிலீப்பர் பெட்டி திரையில் விரிந்து கிடந்தது. பக்கங்கள், கூரை, முகப்பு எல்லாம் ஒரே சதுரத்தில். அகலம் 2048 புள்ளி. பெட்டியின் நீளமோ 21 மீட்டருக்குச் சற்று மேல். ஆக, ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஜன்னல் கம்பிக்கு இரண்டு புள்ளி கிடைத்தால் பெரிது.

நீலம் பூச ஐந்து நிமிடம்; அழுக்குப் பூச நான்கு நாள். பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் தூள் பெட்டியின் அடியில் செம்பழுப்பாகப் படியும். ஜன்னலுக்குக் கீழே கைகழுவிய நீரும் துப்பிய எச்சிலும் சாய்வாக வழிந்து காயும். தொடக்கத்தில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே டெக்ஸ்சர் போட்டிருக்கிறான். 18 பெட்டிகளிலும் ஒரே ஜன்னலில் ஒரே ஆள் துப்பிய மாதிரி வண்டி ஓடியதாம்.

வெயிலில் எடுத்த படம் உதவாது. ஜன்னல் விளிம்பின் நிழல் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டில் சூரியன் வேறு பக்கம் நிற்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் மூட்டமான நாளுக்காகக் காத்திருக்கிறான். திருச்சியில் இது சின்ன விஷயமில்லை.

பெட்டி எண்ணில் விளையாட முடியாது. ஐந்து இலக்க எண்ணின் முதல் இரண்டு, பெட்டி செய்த வருஷம். கடைசி மூன்று 201 முதல் 400-க்குள் இருந்தால் சிலீப்பர். ஒருமுறை எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டிக்கு 92 என்று தொடங்கிவிட்டான். அந்த வருஷம் அப்படியொரு பெட்டி இந்தியாவிலேயே கிடையாது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அன்றைக்கே பிடித்துவிட்டானாம்.

எனக்கென்னவோ ஒலிதான் பெரிய வேலையாகப் பட்டது. டபிள்யூ.டி.எம்-2-வுக்குள் இருப்பது 16 சிலிண்டர் ஆல்கோ எஞ்சின், 2,600 குதிரைத்திறன். சும்மா நிற்கையில் நிமிடத்துக்கு 400 சுற்று, விசைப்பிடியின் எட்டாவது படியில், அதாவது நாட்சில், 1,000. கடந்துபோகும் வண்டியைப் பதிந்து பயனில்லை. நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்கிவிடும். நின்ற இடத்தில் உறுமுவதுதான் வேண்டும். அந்த 400-ஐயே வேகமாக ஓட்டி 1,000 ஆக்கலாமே என்றேன். பதில் சொல்லாமல் ஓட்டிக் காட்டினான். தையல் மிஷின்!

ஆகவே ஒவ்வொரு நாட்சுக்கும் தனிப் பதிவு. டர்போவின் விசில் இன்னோர் அடுக்கு. எரிபொருள் கூடியதும் டர்போ உடனே எழாது, சற்றுப் பிந்தித்தான் வேகம் பிடிக்கும். ஆல்கோ கரும்புகை கக்குவதும் அந்த இடைவெளியில்தான்.

ஒன்பது நொடித் துண்டு ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடும். தலையும் வாலும் பொருந்தாவிட்டால் சுற்றுக்கு ஒரு 'டிக்'. கேட் பக்கம் நின்ற எஞ்சினை நாற்பது நிமிடம் பதிந்ததில் நல்ல துண்டு ஒன்று சிக்கியது. நடுவில் ஒரு காகம். விளையாட்டில் ஒன்பது நொடிக்கு ஒருமுறை அது கரைந்தது. "திருச்சியிலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் கூடவே வருதுண்ணே" என்றான்.

இன்னொரு வழக்கும் இருக்கிறது. தண்டவாளங்களைப் பற்றவைத்து நீட்டிய பிறகு மெயின் லைனில் 'தடக் தடக்' பெரும்பாலும் போய்விட்டது. அதை எடுத்துவிட்டால், ரயில் மாதிரியே இல்லை என்கிறார்களாம் ஆடுபவர்கள். தண்டவாளம் பிரியும் பாயின்ட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் வைப்பேன் என்கிறான் இவன். நான் இவன் கட்சி.

மின்சார எஞ்சின்கள் பெருகப் பெருக ஆல்கோக்கள் ஒதுங்கிவருகின்றன. இருக்கும்போதே பதிந்துவிட அவன் அவசரப்படுகிறான். நீராவி வேண்டுமென்றால் நீலகிரி மலை ரயிலைப் போய்ப் பதியலாம். சமவெளியில் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. நீராவி எஞ்சினுக்கு அந்த வழியும் இல்லை. ஓர் உறவினர் கொடுத்த கல்யாண கேசட்டில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நீராவி ஊதல் ஒன்று மெலிதாகக் கேட்கிறது. பிரித்தெடுக்க முடியுமா என்றேன். "பார்க்கலாம்ணே."

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு கேசட் இருக்கக்கூடும். பூஞ்சை பிடிப்பதற்குள் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.