கல் இல்லாத ஊரில் ஒரு கடல்

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குக் கல் என்பது வெளியூர்ச் சரக்கு. எங்கள் அய்யம்பேட்டைப் பகுதியில் கிணறு வெட்டினாலும் வாய்க்கால் தூர் வாரினாலும் வண்டலும் களியும் மணலுமே மேலே வரும். 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கற்களும் வெளியிலிருந்து வந்தவையே. இப்படிப்பட்ட மண்ணில், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் மகள், வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து அதனுள் ஒரு பாறைத்திட்டை அமைக்க விரும்பினாள். துபாயில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் கண்ணாடித் தொட்டிக்கும் மோட்டாருக்கும் பணம் அனுப்பினான். நீருக்கும் வழி இருந்தது. சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் தொட்டிக்கான கடலுப்பைக் கரைத்தால் போதும். கல்லுக்குத்தான் வழி தெரியவில்லை.

நன்னீர்த் தொட்டியில் கல் பெரும்பாலும் அலங்காரம். கடல்நீர்த் தொட்டியில் அதுவே உயிர்நாடி. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கே நஞ்சு. கல்லின் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. வயலுக்கு யூரியா இடும் நம் மக்களுக்கு இது அறியாத செய்தியன்று. நீர் நின்ற சேற்றில் இட்ட உரத்தின் ஒரு பங்கு காற்றோடு போவதற்கும் இதே வகை உயிர்கள் ஒரு காரணம். ஆகவே கல் எவ்வளவு துளையுள்ளதோ அவ்வளவு நல்லது. துளைகளுக்குப் பெயர்போன கல், பவளக்கல்.

மண்டபம் பக்கத்தில் வாழும் என் மனைவியின் தமையனார் செய்தி கேட்டு உடனே தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், நம்ம பழைய வீட்டுச் சுவர் இடிஞ்சு கிடக்குது. எல்லாம் பவளக்கல்லுதான். ரெண்டு மூட்டை கட்டி அனுப்புறேன். புள்ள ஆசைப்பட்டிருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் பவளக்கல்லை வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். அதையே சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளில் அந்தக் கற்களை இன்றும் காணலாம்.

அந்தப் பழக்கத்துக்குக் கடல் கொடுத்த விலை பெரிது. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்குமாகப் பவளத்திட்டுகள் வெட்டப்பட்டன. திட்டுதான் தீவுக்கு அரண். அலையின் வேகத்தை அதுவே தாங்குகிறது. அரண் போனதும் அலை தீவைத் தின்றது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப் போயின. திட்டுகளைக் கட்டும் கற்பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இன்று பவளத்துக்கும் உண்டு.

இவற்றையெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்னவள் என் மகள். ஆயினும் அவளுக்கே ஒரு தயக்கம் இருந்தது. "அத்தா, அது மாமாவோட பாட்டனார் காலத்துக் கல்லு. அப்பத் தடையே இல்ல. செத்து நூறு வருஷம் ஆன கல்லை வாங்கினா யாருக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டாள். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. அன்போடு தரும் உறவினரின் பொருளை மறுப்பதும் சிறிய காரியமன்று.

நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். தொட்டிக்குள் வைத்த கல்லில் அது பழைய சுவரிலிருந்து வந்தது என்று எழுதியிருக்காது. வீட்டுக்கு வருகிறவர் அதன் அழகைப் பார்ப்பார். இது எங்கே கிடைக்கும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எங்கோ ஒரு வியாபாரி விடை வைத்திருப்பார். அவர் கொண்டுவரும் கல் இடிந்த சுவரிலிருந்து வராது, கடலிலிருந்து வரும். நம்மிடம் இருப்பது குற்றமற்ற கல்லாகவே இருந்தாலும், குற்றத்துக்கான ஆசையை அது பிறர் மனத்தில் ஊன்றிவிடும். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் பவளம் இரண்டு இடங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹ் நிறுவிய தராசைப் பற்றிய எச்சரிக்கையும் இருக்கிறது. அருளை நினைவூட்டும் இடத்திலேயே அளவு மீறாமையும் கேட்கப்படுகிறது. நம் கைக்கு வராத பொருளும் நம்மிடம் அமானிதமாக இருக்கக்கூடும் என்று அன்று எனக்குத் தோன்றியது. மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொண்டாள்.

மச்சானிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. "கல்லைக்கூட வேணாங்கிறீங்களா?" என்ற குரலில் வருத்தம் இருந்தது. மகள் தொலைபேசியை வாங்கி, "மாமா, கல்லு வேணாம். கிளிஞ்சல் அனுப்புங்க. எவ்வளவு அனுப்பினாலும் வேணும்" என்றாள். நான்காம் நாள் இரண்டு மூட்டைக் கிளிஞ்சல் வந்து சேர்ந்தது.

கிளிஞ்சலைக் கொண்டு கல் செய்ய முடியும் என்ற துணிவை அவளுக்குத் தந்தது தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு. அலையில் கரைந்துகொண்டிருந்த அத்தீவைக் காக்க, துளைகள் கொண்ட சிமெண்ட் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் கடலடியில் இறக்கினார்கள். இன்று அவற்றில் மீன்கள் அடைகின்றன. பவளங்களும் ஒட்டி வளர்கின்றன. கடலே ஏற்றுக்கொண்ட கல் நம் கண்ணாடித் தொட்டிக்குப் போதாதா?

ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு நொறுக்கிய கிளிஞ்சல், ஒரு பங்கு வேதாரண்யத்துக் கல்லுப்பு. சிறிதளவே நீர் விட்டுப் பிசைந்து, ஈர மணலில் தோண்டிய குழிகளில் அள்ளி வைத்தாள். இறுகிய பின் நீரில் ஊறப்போட்டதும் உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளையாயிற்று. புதுச் சிமெண்டின் காரம் நீரில் இறங்கும். அது மீனைக் கொன்றுவிடும். ஆகவே நீரை மாற்றி மாற்றி இரண்டு மாதம் ஊறவைத்தாள். கொல்லைப்புறத் தொட்டியில் கிடந்த அந்தக் கற்களை என் தாயார் தினமும் ஒருமுறை பார்த்து, "இன்னும் வேகலையா?" என்று கேட்பார்.

அடுக்குவது தனி வேலை. எங்கள் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதே நீள அகலத்தில் அட்டையை வெட்டித் தரையில் விரித்து, அதன்மேல் ஒரு வாரம் அடுக்கியும் கலைத்தும் பார்த்தாள். நம் கல்லணையில் பெருங்கற்களை ஆற்று மணலின்மேல் இட்டு, அவை புதைந்து நிலைகொண்ட பின் மேலே மேலே அடுக்கியதாக அதை ஆராய்ந்த பொறியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தொட்டியில் அந்த முறை ஆகாது. மணலைக் குடையும் மீனும் இறாலும் அடியைத் தோண்டினால் கல் சரிந்து கண்ணாடி உடையும். ஆகவே அடிக்கற்களை முதலில் கண்ணாடித் தளத்தின்மேல் அசையாமல் இருத்தி, பிறகே சுற்றிலும் மணலைப் பரப்ப வேண்டும். ஒவ்வொரு மேற்கல்லும் குறைந்தது மூன்று இடங்களில் கீழே படிந்து நிற்க வேண்டும்.

சுவர்போல் அடுக்குவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். சுவருக்குப் பின்னால் நீர் ஓடாது; கழிவு தேங்கும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே கை நுழையும் அளவு இடம் விட்டு, நடுவில் குகையும் வளைவும் வைத்து, இரண்டு சிறு குன்றுகளாகப் பிரித்தாள். செய்த கற்களில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது. அதையும் வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "கல்லு இருக்கிற இடத்துல மீனு இருக்க முடியாதே அத்தா" என்றாள்.

நீர் நிறைத்து ஆறு வாரம் மீனின்றிக் காத்திருந்தோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழிக்கு இறங்கிய பிறகு, பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த இரண்டு கோமாளி மீன்களை விட்டாள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் இம்மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்திருப்பதால், இதற்காகவும் கடலில் கை வைக்க வேண்டியதில்லை. எங்கள் திட்டில் உயிர்ப்பவளம் இல்லை, இருக்கவும் போவதில்லை.

பெருநாளுக்கு மச்சான் குடும்பத்தோடு வந்தார். நாற்காலியைத் தொட்டிக்கு முன் இழுத்துப் போட்டு அமர்ந்தார். மீன்கள் இரண்டும் வளைவுக்குள் நுழைந்து பின்பக்கமாக வெளியே வந்தன. "நான் அனுப்புன கிளிஞ்சல் இதுல எங்க?" என்று கேட்டார். "எல்லாக் கல்லுக்குள்ளயும் இருக்கு மாமா" என்றாள் மகள். பழைய சுவரின் கற்களை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். யாருக்கும் கொடுக்கவில்லையாம். அதே மனையில் எழும் புதுச் சுவரின் அடித்தளத்தில் இட்டு மூடிவிட்டாராம்.