வெம்ப்ளி வளைவும் ஒரு கூரை வழக்கும்

விளையாட்டரங்கம் கட்டும் வேலையில் தகராறு என்று வந்தால், என் அனுபவத்தில் அது பெரும்பாலும் கூரையில்தான் ஆரம்பிக்கிறது. படிக்கட்டு இருக்கைகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று தாமதமானால் இன்னொன்றை வைத்துச் சமாளிக்கலாம். கூரையில் அது நடக்காது. நடுவில் தூண் நின்றால் பார்வையாளருக்கு ஆட்டம் மறைக்கும்; அவ்வளவு அகலத்தையும் தூணில்லாமல் தாண்ட வேண்டும். அதற்கான இரும்புத் துண்டு ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பட்டறையில், வரைபடத்தில் கண்ட அளவுக்கு வெட்டி, துளை போட்டு, வர்ணம் அடித்து, லாரியில் வந்து இறங்குகிறது. வரைபடம் மாறினால் பட்டறையில் கிடக்கும் இரும்பும் மாற வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதுதான் வழக்கு.

எனக்கு வந்ததும் அப்படி ஒரு வழக்குதான். தென்மாவட்டம் ஒன்றில் எழுந்த உள்விளையாட்டரங்கம். மொத்த வேலையை எடுத்தது ஒரு பெரிய நிறுவனம். கூரையை மட்டும் சப்-காண்ட்ராக்டாக எடுத்தவர் என் கட்சிக்காரர். வெல்டராகத் தொடங்கி, சொந்தப் பட்டறை வரை வளர்ந்தவர். கடைசி பில்கள் நிலுவை. கேட்டபோது, கூரை தாமதமானதால் எங்களுக்குத்தான் நஷ்டம் என்று எதிர்த்தரப்பு எதிர்க்கோரிக்கை போட்டது. ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவராக அமர்ந்தார்.

வரைபடங்களை எங்கள் அலுவலக மேஜையில் விரித்துப் பார்த்தோம். திருத்தம் செய்த இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். பக்கத்தில் சின்ன முக்கோணம், அதற்குள் திருத்த எண். ஒரு தூணின் அடித்தட்டை மட்டும் எடுத்துத் தொடர்ந்து போனேன். முதல் வரைபடத்தில் நான்கு போல்ட் துளைகள். அடுத்த திருத்தத்தில் ஆறு. அதற்கடுத்ததில் தட்டின் கனமே கூடியிருந்தது. முதல் வரைபடத்தை நம்பித் துளையிட்ட தட்டுகள் எல்லாம் பட்டறை ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்தன. இரும்பு வந்து போனதற்கு எடைமேடை ரசீதுகள் இருந்தன. ஆனால் “திருத்தத்தால் இவ்வளவு கூடுதல் செலவு, இவ்வளவு கூடுதல் நாள்” என்று அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை.

“சைட்ல சொன்னாங்க, செஞ்சோம் சார். பெரிய கம்பெனி, கணக்கு கடைசியில பாத்துக்கலாம்னாங்க” என்றார்.

என் சீனியர் வெம்ப்ளி அரங்கம் பற்றிய ஆங்கிலேயத் தீர்ப்புகளை அச்செடுத்துக் கையில் கொடுத்தார். “இதைப் படிச்சுட்டு வாங்க. நம்ம கேஸ் இதுக்குள்ள இருக்கு” என்றார்.

வெம்ப்ளியை அறியாத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. 1923-இல் திறந்த பழைய அரங்கம், இரட்டைக் கோபுரங்களோடு நின்றது. இங்கிலாந்து 1966-இல் உலகக் கோப்பையை வென்றது அங்கேதான். அதை இடித்துவிட்டு, ஃபாஸ்டர் நிறுவனமும் இன்னொரு கட்டடக்கலை நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்த, 90,000 பேர் அமரும் புதிய அரங்கத்தை எழுப்பினார்கள். கோபுரங்களுக்குப் பதிலாக வந்தது ஒரு வளைவு. உயரம் 133 மீட்டர், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 315 மீட்டர். வெறும் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. கூரையின் பெரும்பாரத்தைக் கம்பிவடங்களால் தூக்கிப் பிடிப்பது அதுதான். வளைவு இருப்பதால்தான் எந்த இருக்கைக்கு முன்னாலும் தூண் இல்லை.

மொத்த வேலையை நிலையான விலைக்கு எடுத்தது மல்டிப்ளெக்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம். என்ன நடந்தாலும் விலை கூடாது என்ற ஒப்பந்தம். இடர் முழுவதும் அதில் கட்டுபவரின் தோளிலேயே ஏறிவிடும். அந்தப் பாரத்தை அவர் கீழே இறக்கப் பார்ப்பார். இரும்பு வேலை கிளீவ்லண்ட் பிரிட்ஜுக்குப் போனது. டார்லிங்டன் ஊரின் பழம்பெரும் நிறுவனம். ஆப்பிரிக்காவில் விக்டோரியா அருவிக்கு அருகே பள்ளத்தாக்கைத் தாண்டும் பாலத்தை 1905-இல் கட்டி முடித்தவர்கள். சுமார் 6 கோடி பவுண்டு ஒப்பந்தம். வடிவமைப்பு விவரங்கள் மாறின. எப்போது வந்தன, யாரால் தாமதம் என்று இரு தரப்பும் மோதின. 2004 பிப்ரவரியில் ஒரு உடன்பாடு, ஜூனில் துணை ஒப்பந்தம் என்று ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். நிற்கவில்லை. வளைவு மேலெழுந்த அதே 2004-இல், ஆகஸ்டில், கிளீவ்லண்ட் பிரிட்ஜ் வேலையை விட்டு வெளியேறியது. நெதர்லாந்தின் ஹாலண்டியா வந்து மீதியை முடித்தது. 2006 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் புதிய அரங்கில் நடக்க வேண்டியது; கார்டிஃபுக்குப் போனது. அரங்கம் திறந்தது 2007 மார்ச்சில்.

வழக்கு லண்டனில் தொழில்நுட்ப, கட்டுமான நீதிமன்றத்தில் நீதிபதி ஜாக்சன் முன் வந்தது. 2006-இல் முதற்கட்ட எழுவினாக்களுக்கு, அதாவது முதலில் தீர்க்க வேண்டிய கேள்விகளுக்கு, தீர்ப்பு. ஒப்பந்தத்தை முறித்தது மல்டிப்ளெக்ஸ் அல்ல, வெளியேறிய கிளீவ்லண்ட் பிரிட்ஜே என்றது நீதிமன்றம். ஆனால் எல்லா எழுவினாவிலும் ஒரே தரப்பு ஜெயிக்கவில்லை. இரு தரப்புக்கும் பாதை தெளிந்துவிட்டது. உட்கார்ந்து பேசிக் கணக்கை முடித்திருக்கலாம். பேசவில்லை. மேல்முறையீடு போனார்கள், திரும்பி வந்தார்கள். 2008 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பு. மல்டிப்ளெக்ஸ் கேட்டது இரண்டரைக் கோடி பவுண்டுக்கு மேல். கிடைத்தது சுமார் 61 லட்சம் பவுண்டு. இரு தரப்பும் வழக்குக்குச் செலவழித்தது ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பவுண்டு. நகல் எடுக்க மட்டும் 10 லட்சம் பவுண்டு! சமரசத்துக்கு வராத இரு தரப்பையும் நீதிபதி தீர்ப்பிலேயே கண்டித்தார். அவரிடமே பிறகு இங்கிலாந்தின் உரிமையியல் வழக்குச் செலவுகளை ஆராயும் பொறுப்பு வந்தது. 2010 ஜனவரியில் வெளியான அந்த அறிக்கை, அந்நாட்டு வழக்குச் செலவு விதிகளையே மாற்றியது.

இந்தச் செலவுக் கணக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொள்ளும். என் கட்சிக்காரரின் பட்டறையில் சம்பளத்துக்கு நிற்பவர்கள் தாங்குவார்களா?

சீனியர் கொடுத்த கட்டில் இன்னொரு வெம்ப்ளி தீர்ப்பும் இருந்தது. எங்கள் வழக்குக்கு நேரடியாகப் பொருந்தியது அதுதான். அரங்கத்தின் மின்னணுக் கட்டுப்பாட்டு வேலையை எடுத்த ஹனிவெல் நிறுவனத்துக்கும் மல்டிப்ளெக்ஸுக்கும் நடந்த வழக்கு, 2007. மல்டிப்ளெக்ஸ் கொடுத்த உத்தரவுகளால்தான் தாமதம், ஆகவே எங்களுக்குக் காலக்கெடுவே கிடையாது என்று ஹனிவெல் வாதிட்டது. நீதிபதி ஜாக்சன் ஏற்கவில்லை. தாமதம் வரும்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற ஷரத்துக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. விஷயம் சூடாக இருக்கும்போதே ஆராய்ந்து முடிவெடுக்க அது வழிசெய்கிறது. அறிவிக்காமல் இருந்துவிட்டு அதையே ஆயுதமாக்க முடியாது என்று விளக்கினார்.

எங்கள் ஒப்பந்தத்திலும் அதே மாதிரி ஷரத்து. கடிதம் எழுதாத என் கட்சிக்காரருக்கு அது பாதகம். ஆங்கிலேயத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது என்றாலும், நடுவர் அந்தத் தர்க்கத்தை மதிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 55 மறுபக்கத்தையும் குத்துகிறது. காலம் கடந்த வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே ‘நஷ்டஈடு கேட்பேன்’ என்று அறிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கேட்க முடியாது. எதிர்த்தரப்பு கூரையை வாங்கிக்கொண்டு, அதன்கீழ் தரை போட்டு, விளக்கு மாட்டி, அரங்கத்தைத் திறப்பு விழாவுக்கும் கொடுத்துவிட்டது. அப்படி ஓர் அறிவிப்பை அவர்களும் அனுப்பவில்லை. அவர்களுடைய திட்ட மேலாளரைக் குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டேன். நெடுநேரம் கோப்பைப் புரட்டிவிட்டு, இல்லை என்றார்.

எழுதாமல் விட்டவர்கள் இரு தரப்பும். அன்று மாலை எதிர்த்தரப்பு வக்கீல் என்னை அழைத்துச் சமரசம் பேசினார்.

கட்சிக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “இது மானப் பிரச்சினை சார். நான் போட்ட கூரை அது” என்றார். அவர் கோபம் நியாயமானது; வேலையைச் சரியாகவே செய்திருந்தார். எதிரே உட்கார்ந்து வெம்ப்ளி கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இங்கே நடுவர் தீர்ப்பு சாதகமாக வந்தாலும், நடுவர் சட்டத்தின் பிரிவு 34-இல் அதை ரத்துசெய்யக் கோரி மனு வரும். அதற்குமேல் பிரிவு 37-இல் மேல்முறையீடு. பிறகு டில்லியில் உச்ச நீதிமன்றம். அதுவரை பட்டறைக் கடனுக்கு வட்டி ஓடும். மனைவியோடு பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மறுநாள் காலையில் ஒப்புக்கொண்டார்.

வெம்ப்ளியில் சச்சரவு 2008 தீர்ப்போடு ஓயவில்லை. மல்டிப்ளெக்ஸை வாங்கிய புரூக்ஃபீல்டு, வடிவமைப்புப் பொறியாளர்களான மாட் மெக்டொனால்டு மீது 25 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. அது 2010-இல் சமரசத்தில் முடிந்தது. கிளீவ்லண்ட் பிரிட்ஜ் வேறு நெருக்கடிகளால் 2021-இல் மூடப்பட்டது.

எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு எதிர்க்கோரிக்கையைக் கைவிட்டது; நிலுவையின் பெரும்பகுதிக்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள். நடுவர் சட்டத்தின் பிரிவு 30-இன் கீழ், சமரச விதிமுறைகளே நடுவர் தீர்ப்பாகப் பதிவாயின. பணம் தவணைகளாக வந்து சேர்ந்தது. பட்டறையில் இப்போது வரைபடம் திருத்தப்பட்டால், இரும்பைத் தொடுவதற்கு முன் கடிதம் போகிறது.