சுருதி விலகிய ரிக்

"ஓ.எம்., ரெண்டு வாரமா உங்க குரல் கீச்சுன்னு வருது. ரிக் கொஞ்சம் தள்ளி நிக்குதோ?"

தினமும் காலையில் வானலையில் கூடிப் பேசும் எங்கள் 'நெட்'டில் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. (ஹாம் வானொலிக்காரர்களுக்குள் வயது எதுவானாலும் 'ஓ.எம்.'தான்.) என் காதுக்கு அவர் குரல்தான் கட்டையாக இருந்தது. அவர் மட்டுமா, 7.1 மெகாஹெர்ட்ஸில் கூடிய ஏழெட்டுப் பேரும் சளி பிடித்தவர்கள் மாதிரிதான் பேசினார்கள். மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டேன். ஏழெட்டுப் பேருக்கும் சளி, எனக்கு மட்டும் இல்லை என்பது எங்கேயோ உதைக்கிறதே என்று உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

ரிக், அதாவது என் வானொலிப் பெட்டியின் முகப்பில் ஒளிரும் அலைவெண் அளந்து பார்த்துச் சொன்னதல்ல. உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. அதன் சொல்லை நம்பிப் போட்ட கணக்குதான் அந்த எண். படிகத்துக்கும் வயதாகும். பத்து லட்சத்தில் ஆறு பங்கு நழுவினால் போதும், 7.1 மெகாஹெர்ட்ஸில் 43 ஹெர்ட்ஸ் கீழே போய்விடும். நெட்டில் நாங்கள் பேசும் முறையான லோயர் சைட்பேண்டில் அந்த 43-ம் நேராகக் குரலில் ஏறும். எனக்கு அவர்கள் கட்டை. அவர்களுக்கு நான் கீச்சு.

இதற்கு வெளியிலிருந்து சாட்சி வேண்டும். நேரக் குறிகளை ஒலிபரப்பும் நிலையங்களின் கேரியர் அலை அணுக்கடிகாரத்தோடு கட்டப்பட்டது. அதைவிட நல்ல சாட்சி ஓசியில் கிடைக்காது. ஒரு காலத்தில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகமே ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியில் 10 மெகாஹெர்ட்ஸில் நேரக்குறி அனுப்பிக்கொண்டிருந்தது. அது நின்றுபோனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள டபிள்யு.டபிள்யு.வி. பெரிய பேர் வாங்கியது. 1936 முதல் 440 ஹெர்ட்ஸ் சுரத்தையும் அனுப்பிய நிலையம் அது. இசைக்காரர்கள் அதைக் கேட்டுக் கருவி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் என் மொட்டை மாடி ஒயருக்கு அது எட்டுவது அபூர்வம். எனக்கு நன்றாகக் கேட்பது சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து வரும் பி.பி.எம்.

அந்தி நேரம். ரிக்கை அரைமணி நேரம் சூடேறவிட்டு மூடியைக் கழற்றினேன். படிகத்தின் அலைவெண்ணைச் சரிசெய்யும் திருகாணியை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் அந்த இரும்பே அலைவெண்ணை இழுத்துவிடும். அதனால் பழைய டூத் பிரஷ் காம்பைத் தேய்த்துத் தட்டையாக்கி வைத்திருந்தேன். முறை எளிது. பி.பி.எம். 10 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அப்பர் சைட்பேண்டில் 9.999-ல் நின்றால் அதன் கேரியர் 1,000 ஹெர்ட்ஸ் சுரமாகக் கேட்க வேண்டும். லோயரில் 10.001-ல் நின்றாலும் அதே சுரம் வர வேண்டும். ஒவ்வொரு மணியிலும் பத்தாவது நிமிடம் முதல் ஐந்து நிமிடத்துக்கு பி.பி.எம். 'டிக் டிக்'கை நிறுத்திவிட்டு வெறும் கேரியரை மட்டும் அனுப்பும். அதற்காகக் காத்திருந்தேன்.

மாற்றி மாற்றிப் போட்டேன். வித்தியாசம் இருப்பது தெரிகிறது. எவ்வளவு என்று சொல்ல என் காதுக்கு யோக்கியதை இல்லை. வீணை வாசிக்கும் மனைவியைக் கூப்பிட்டேன்.

"என்னங்க இது, ஒண்ணு ஸட்ஜமம், இன்னொண்ணு ரிஷபம். முழு ஸ்வரம் தள்ளி இருக்கு."

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் 1,060, மறுபக்கம் 940. விகிதம் ஏறக்குறைய ஒன்பதுக்கு எட்டு. அசல் சதுஸ்ருதி ரிஷபம்! கருவி ஏதும் இல்லாமல் அவள் என் ரிக்கின் பிழையை அளந்துவிட்டாள்.

நான் திருக, அவள் கேட்டாள். "இன்னும்... இன்னும்... போதும், தாண்டிட்டீங்க." ஒருவழியாக இரண்டும் ஒன்றாயின. அதற்கப்புறம் நுணுக்கம். கைபேசியில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ரிக்கின் சுரத்தோடு கலந்தேன். தம்புராவின் இரண்டு தந்திகள் சேரப்போகும்போது எழும் அந்த அலை, வா... வா... என்று வந்தது. திருகத் திருக அலை நீண்டது. கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று கையை எடுத்தேன். எடுத்த பிறகு அதுவாகவே மறுபடி வேகம் பிடித்தது. கொஞ்சம் நின்றது, திரும்பவும் ஓடியது.

"ஆணி லூஸா?" என்றாள்.

ஆணி இருந்த இடத்தில்தான் இருந்தது. அசைந்தது வானம். சிற்றலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. பொழுது சாயும்போது அந்த அடுக்கு மேலே எழுகிறது. விலகிப் போகும் ரயிலின் ஊதல் தாழ்வது போல, வந்து சேரும் அலைவெண்ணும் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் ஆடுகிறது. படித்த விஷயம்தான். படித்ததைக் காதால் கேட்டபோது ரிக்கை மறந்து அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தனிக்கதை.

மறுநாள் உச்சிவேளை, வானம் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து, 15 மெகாஹெர்ட்ஸில் திரும்பச் சேர்த்தேன். அலைவெண் கூடக் கூடப் பிழையும் பெரிதாகத் தெரியும் என்பதால் அதுவே நல்லது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே மூன்று நான்கு விநாடி. அதற்கு மேல் ஆசைப்படாமல் மூடியை மாட்டினேன்.

அடுத்த நாள் நெட்டில் ஏழெட்டுப் பேருக்கும் சளி குணமாகியிருந்தது. பெரியவர் என் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உங்க பக்கம் மழை உண்டா ஓ.எம். என்று மட்டும் கேட்டார்.