மூன்று சுரம் போதும்

எனக்குச் சின்ன வயசிலிருந்தே இடது கை சுண்டுவிரல் மடங்காது. "கிட்டாருக்கு நாலு விரலும் வேணுமே" என்று பலர் சொல்லிவிட்டார்கள். கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் என் மாமா மட்டும், "நீ ஜாஸ் கார்டு பழகு பாப்பா" என்றார். ஜாஸ் என்பது அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை.

கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. ஜி செவன் கார்டில் ஜி, பி, டி, எஃப் என நாலு சுரம். இதில் டியை விட்டுடலாம், குணம் மாறாது. பி போனால் போச்சு, மேஜரா மைனரா என்றே காதுக்குத் தெரியாது! அங்கிருந்து சி மேஜர் செவனுக்குப் போகும்போது பியில் இருக்கும் மோதிர விரல் அசையவே வேண்டாம். நாலாம் தந்தியில் எஃப் ஒரு கட்டம் பின்னால் வந்து ஈ ஆகிவிடும். குட்டி நகர்வுதான், ஆனா கேட்டால் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

பிரான்சில் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் சரியாக இயங்காமல் போயின. மற்ற இரண்டு விரல்களால்தான் அவ்வளவு வேகமாக வாசித்தாராம். எனக்கு மூன்று இருக்கே!

ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் தந்திதான் இன்னும் படுத்துகிறது. ஜி செவனில் அது ஒலிக்கக் கூடாது, ஆள்காட்டி விரலைச் சாய்த்துத் தொட்டு அடக்கணும். இன்று காலை பத்துக்கு ஏழு முறை அடங்கியது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி