செபத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள்!

திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். அவற்றை நம்பி வெளியூரிலிருந்து வந்தவர்கள் லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். காலை 8.30-க்கு வேலைக்குப் போனால் இரவு 8.30-க்குத்தான் வீடு திரும்ப முடிகிற 'ஒன்றரை ஷிப்ட்' இங்கே சகஜம்.

தூத்துக்குடி கடற்கரையிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் இதே ஓட்டம்தான். அப்பா டெய்லர். அம்மாவுக்கு செக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடி. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து.

ஊரில் பாட்டி தினமும் செபமாலை சொல்லி வளர்த்ததுபோலவே இங்கும் வளர்க்க அம்மாவுக்கு ஆசை. ஆனால், இரவு ஒன்பது மணிக்கு மகன் தூங்கி வழிவான். மகள் விசுவாசப் பிரமாணத்தில் பாதியில் தடுமாறுவாள். அம்மாவின் குரல் உயரும். செபம் அழுகையில் முடியும்.

"சாமி கும்பிடும்போதுதான்மா நீங்க அதிகமா திட்டுறீங்க" என்றாள் மகள் ஒருநாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. நாலு பேரும் ஒன்றாக இருக்கிற நேரமே அது ஒன்றுதான். அதையும் பிள்ளைகள் வெறுத்துவிட்டால்?

மறுநாளிலிருந்து முறை மாறியது. செபமாலை ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. மற்ற நாள்களில் ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை செபம். பிறகு ஆளுக்கொரு நன்றி, ஆளுக்கொரு வேண்டுதல். மகள் முன்னால் சொல்ல, பெரியவர்கள் பின்னால் சொல்வார்கள். தப்பாகச் சொன்னால் நடுவில் நிறுத்தித் திருத்துவதில்லை.

"அம்மாவுக்குக் கால் வலிக்கக் கூடாது" என்று வேண்டினாள் மகள். "அப்பா கம்பெனிக்கு ஆர்டர் வரணும்" என்றான் மகன். ராத்திரி தாங்கள் மெதுவாகப் பேசிக்கொண்டதெல்லாம் பிள்ளைகள் காதில் விழுந்திருக்கிறது என்பது பெற்றோருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிள்ளைகள் சொல்லிப் பெரியவர்கள் செபிப்பது அந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், உள்ளூர்க்காரர்கள் உதவியோடு செபங்களைத் தமிழாக்கினார். மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். கற்றதை வீட்டில் அம்மா, அப்பாவுக்குச் சொல்லித்தரும்படி அவர்களை அனுப்பியதை 1544-ல் எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே கொண்ட ஒரு சின்ன மறைக்கல்வி நூல்தான்.

எவ்வளவு நேரம் செபித்தோம் என்பது குழந்தைகளுக்கு நினைவில் நிற்காது. அந்த நேரத்தில் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது நிற்கும். களைப்பாக இருக்கும் நாளில் ஐந்து நிமிடமே போதும். திட்டிவிட்டால், செபம் தொடங்கும் முன் பிள்ளையிடம் "ஸாரிடா" என்று சொல்லிவிடலாம். மன்னிப்பு என்றால் என்னவென்று அதைவிட எளிதாகக் கற்றுத்தர முடியாது.

மகன் இப்போதும் சில நாள் பாதியிலேயே தூங்கிவிடுகிறான். யாரும் எழுப்புவதில்லை. நெற்றியில் சிலுவை வரைந்து, போர்வையை இழுத்துவிடுகிறார் அப்பா.